பூங்கா நடுவில் நிற்கும் எண்கோண பேண்டு மேடை எப்படி வந்தது?

கேள்வி இதுதான். ஒரு சிறிய ஊரின் பொதுப் பூங்காவில், நட்ட நடுவில், இடுப்புயரத் திண்ணையின் மேல் எட்டு இரும்புத் தூண்களும் கூம்புக் கூரையுமாக ஒரு மேடை நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதை பேண்ட் ஸ்டாண்ட் என்கிறார்கள். ஆனால் அதில் யாரும் வாசித்துக் கேட்டதாக இப்போது இருப்பவர்களுக்கு நினைவில்லை. எதற்காகக் கட்டினார்கள், எப்போது வந்திருக்கும், அதன் வரலாற்றை எங்கே தேடுவது?

நிழலுக்காகக் கட்டிய மண்டபம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மைக்கும் ஒலிபெருக்கியும் வராத காலத்தில், டிக்கெட் வாங்க வசதியில்லாத ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இசை கேட்பதற்காகச் செய்த கருவி அது. தரை ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது, கூரைக்கு உள்பக்கம் ஏன் மரப்பலகை அடித்திருக்கிறது, மூலைகள் ஏன் எட்டு என்று கேட்டுக்கொண்டே போனால் எல்லாம் அந்த ஒரு வேலையில்தான் போய் முடியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேண்டு மேடைக்கு முன்னால் என்ன இருந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் திறந்தவெளியில் நல்ல இசை கேட்க வேண்டுமென்றால் கேளிக்கைத் தோட்டங்களுக்குப் போக வேண்டும். தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இருந்த வாக்ஸ்ஹால் தோட்டம் அவற்றில் பெரிய பெயர். ஜானதன் டையர்ஸ் 1730களில் அதை எடுத்து நடத்தத் தொடங்கியபோது, மரங்களுக்கு நடுவே வாத்தியக்காரர்களுக்கென்று தனியாக ஒரு கட்டடம் எழுப்பினார். அவர்கள் மாடியில் உட்கார்ந்து வாசிப்பார்கள், ஜனங்கள் கீழே உலாவியபடி கேட்பார்கள். 1749 ஏப்ரலில் இசையமைப்பாளர் ஹேண்டல் தன் வாணவேடிக்கை இசைக்கு அங்கே ஒத்திகை பார்த்தபோது 12,000 பேர் திரண்டதாகச் சொல்வார்கள். உயரத்தில் இசை, சுற்றிலும் நடமாடும் கூட்டம் என்ற அமைப்பு அங்கேயே வந்துவிட்டது. ஆனால் உள்ளே நுழைய ஒரு ஷில்லிங் கொடுக்க வேண்டும். கூலி வேலை செய்கிற ஒருவர் நினைத்தவுடன் எடுத்துக் கொடுக்கிற காசு இல்லை அது. வாக்ஸ்ஹால் 1859இல் மூடப்பட்டது.

வடிவம் வந்த வழி வேறு. துருக்கிய, பாரசீகத் தோட்டங்களில் நாலு பக்கமும் திறந்த சிறு மண்டபங்கள் உண்டு. துருக்கியில் அதற்குக் கோஷ்க் என்று பெயர். அந்தச் சொல்தான் பிரெஞ்சில் கியோஸ்க் ஆகி, பிறகு மற்ற ஐரோப்பிய மொழிகளுக்கும் போனது. இன்றைக்கும் பிரான்சில் பேண்டு மேடைக்கு இசைக் கியோஸ்க் என்றுதான் பெயர். மெக்சிகோவில் வெறும் கியோஸ்கோ. பத்திரிகை விற்கும் பெட்டிக்கடையும் பேண்டு மேடையும் பெயரளவில் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

சரி, இலவசம் எப்போது வந்தது? 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பொது நடைவெளிகளைப் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. ஆலை ஊர்கள் வீங்கிக்கொண்டிருந்தன, ஏழைகள் காலாற நடக்க ஒரு புல்வெளி கிடையாது என்று அந்தக் குழு பதிவு செய்தது. 1840இல் ஜோசப் ஸ்ட்ரட் என்ற ஆலை அதிபர் டார்பி நகரத்துக்கு ஒரு பூங்காவைக் கொடையாகக் கொடுத்தார். அதிலும் ஆரம்பத்தில் ஞாயிறும் புதனும் மட்டும்தான் இலவசம், மற்ற நாளில் கட்டணம். 1847இல் திறந்த பர்க்கன்ஹெட் பூங்காதான் பொதுப் பணத்தில், பொதுமக்களுக்காகவே போட்டது. புல்வெளி கிடைத்தது. இசை கிடைக்க ஒரு சண்டை போட வேண்டியிருந்தது.

அந்தச் சண்டையைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, எனக்கோ இந்த வரலாற்றிலேயே முக்கியமான இடம் அதுதான். ஆலைத் தொழிலாளிக்கு முழு விடுமுறை ஞாயிறு மட்டும். ஞாயிறு ஓய்வுநாள், அன்றைக்கு கேளிக்கை பாவம் என்பது திருச்சபையின் நிலை. 1855இல் பொதுப்பணித் துறைக்குப் பொறுப்பாக இருந்த சர் பெஞ்சமின் ஹால், கென்சிங்டன் தோட்டத்தில் ஞாயிறு பிற்பகலில் ராணுவ பேண்டு வாசிக்க ஏற்பாடு செய்தார். அடுத்த வருடம் மற்ற பூங்காக்களுக்கும் அது பரவியது. பல்லாயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. கான்டர்பரி பேராயர் கடும் எதிர்ப்புத் தெரிவிக்க, 1856 மே மாதம் பிரதமர் பாமர்ஸ்டன் பின்வாங்கினார், ராணுவ பேண்டுகளுக்குத் தடை விழுந்தது. ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. சந்தா திரட்டித் தனியார் பேண்டுகளை அமர்த்தி அதே பூங்காக்களில் வாசிக்க வைத்தார்கள். 1855இல் தொடங்கிய தேசிய ஞாயிறு சங்கம் இதைப் பல வருடம் விடாமல் நடத்தியது. இன்று ஒரு பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலை சும்மா உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறோமே, அதை ஒரு தலைமுறை கேட்டு வாங்கியிருக்கிறது.

பேண்டு மேடை என்று நாம் இன்று சொல்கிற வடிவம் 1861இல் வந்தது. தெற்கு கென்சிங்டனில் ராயல் தோட்டக்கலைச் சங்கம் திறந்த தோட்டத்துக்காகக் கேப்டன் பிரான்சிஸ் ஃபோக் என்ற ராணுவப் பொறியாளர் வடிவமைத்தவையே பிரிட்டனின் முதல் பேண்டு மேடைகள். லண்டனின் ஆல்பர்ட் ஹால் இசையரங்கின் ஆரம்பத் திட்டத்தைப் போட்டவரும் அவர்தான். அதற்குப் பிறகு பூங்காக்களில் மேடைகள் மளமளவென்று எழுந்தன. லண்டன் ஹைட் பார்க்கில் இன்று நிற்பது 1869இல் கென்சிங்டன் தோட்டத்துக்காகக் கட்டி, 1886இல் பெயர்த்துக்கொண்டு வந்தது. ஆமாம், இவற்றைப் பெயர்த்து நகர்த்துவார்கள். போல்ட்டைக் கழற்றினால் துண்டு துண்டாக வந்துவிடும். உங்கள் ஊர் மேடையின் வயதைக் கணக்கிடும்போது இதை மறக்கக்கூடாது: மேடையின் வயதும், அது அங்கே நிற்கத் தொடங்கிய வருடமும் வேறு வேறாக இருக்கலாம்.

இதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. லண்டன் கிளாப்பம் காமனில் இருக்கும் பெரிய பேண்டு மேடைதான் ஃபோக் வடிவமைத்த 1861ஆம் வருடத்து மேடை, தோட்டம் மூடியபின் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்று வெகுகாலம் எல்லாரும் நம்பினார்கள். ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தபோது, கென்சிங்டன் மேடைகள் போய்ச் சேர்ந்தது சதர்க் பூங்காவுக்கும் பெக்கம் ரைக்கும் என்று தெரிந்தது. கிளாப்பம் மேடை 1890இல் புதிதாகக் கட்டியது. கதை அழகாக இருந்தால் சரிபார்க்காமல் எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கதை இருக்கும், கவனமாக இருங்கள்.

மேடை தயார், வாசிக்கிறவர்கள் யார்? இங்கேதான் வால்வு வருகிறது, விரலால் அழுத்தினால் குழாயின் நீளத்தை மாற்றும் அமைப்பு. 1810கள் வரை டிரம்பெட்டிலும் கொம்பிலும் இயற்கையாக எழும் சில ஸ்வரங்கள் மட்டும்தான் வரும். ஸ்டோல்செல், ப்ளூமெல் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் வால்வு பொருத்திய கொம்புக்கு 1818இல் காப்புரிமை வாங்கினார்கள். மூன்று வால்வு இருந்தால் போதும், எல்லா ஸ்வரமும் விரலுக்குள் வந்துவிடும். 1840களில் அடால்ஃப் சாக்ஸ் என்ற வாத்தியத் தயாரிப்பாளர் சின்னதிலிருந்து பெரியது வரை ஒரே குடும்பமாக சாக்ஸ்ஹார்ன் வாத்தியங்களைச் செய்தார். எல்லாவற்றிலும் விரல் வைக்கும் முறை ஒன்றே. பிரிட்டிஷ் பித்தளை பேண்டில் பேஸ் டிராம்போன் தவிர எல்லா ஊதுவாத்தியத்துக்கும் ஒரே குறியீட்டு முறையில்தான் ஸ்வரம் எழுதுவார்கள். பகலெல்லாம் தறியில் நின்ற ஒருவர் மாலையில் சிறிய ஊதுகொம்பான கார்னெட் கற்றுக்கொள்ளலாம், அடுத்த வருடம் கனத்த ஒலியுள்ள பெரிய கொம்பான யூஃபோனியத்துக்கு ஆள் இல்லையென்றால் அதற்கு மாறிக்கொள்ளலாம். அது ஒரு தொழிலாளியின் வாழ்க்கைக்குத் தோதாக அமைந்த இசை.

1853இல் மான்செஸ்டர் பெல் வியூவில் பித்தளை பேண்டுப் போட்டி தொடங்கியது. 1855இல் யார்க்ஷயரில் ஜான் ஃபாஸ்டரின் ஆலை பேண்டான பிளாக் டைக் உருவானது, இன்றும் வாசிக்கிறது. 1878இல் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பும் பேண்டு சேர்த்துக்கொண்டது. ஆலை, சுரங்கம், ரயில்வே, தேவாலயம் என்று ஆளுக்கொரு பேண்டு. ரோசினி, வெர்டி இசைநாடகங்களின் மெட்டுகளை நாடக அரங்க வாசலே மிதிக்காதவர்கள் முதலில் கேட்டது இந்தப் பூங்கா மேடைகளிலிருந்துதான்.

இப்போது மேடைக்கு வருவோம். திறந்தவெளியில் ஒலிக்கு நேர்வது என்ன? தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் இறங்கும். மேடையிலிருந்து 10 மீட்டரில் நிற்பவருக்குக் கேட்பதைவிட 80 மீட்டரில் நிற்பவருக்கு 18 டெசிபெல் குறைவு. அதற்கு மேல் புல்லும் மனித உடம்பும் தரையோடு போகிற ஒலியை உறிஞ்சிவிடும். பாதி ஒலி வீணாக வானத்துக்குப் போய்விடும். சுவர் இல்லாததால் வாசிக்கிறவர்களுக்கே ஒருவர் வாசிப்பது மற்றவருக்குச் சரியாகக் கேட்காது, தாளம் நழுவும். இத்தனை சிக்கலுக்கும் மின்சாரம் இல்லாமல் தீர்வு காண வேண்டும்.

திண்ணை உயரம் அதற்குத்தான். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஏற்றிவிட்டால் ஒலி முன்வரிசைத் தலைகளைத் தாண்டிப் போகும். கூரையின் உள்பக்கத்துக்கு மெல்லிய மரப்பலகைகளை நெருக்கி அடித்து ஒரு உட்கூரை போட்டார்கள். மேலே போகிற ஒலியை அது திருப்பி வெளிப்பக்கம் அனுப்பும். டியூபா, யூஃபோனியம், டெனார் ஹார்ன் இவற்றின் வாயைக் கவனித்திருக்கிறீர்களா? வானத்தைப் பார்த்து இருக்கும். வெட்டவெளியில் அவற்றின் ஒலியில் பெரும்பகுதி மேலே போய்த் தொலையும். கூரைக்கு அடியில் அதே ஒலி பலகையில் பட்டுச் சுற்றிலும் இறங்கும். நேராக வரும் ஒலிக்கும் கூரையில் பட்டு வரும் ஒலிக்கும் பாதையில் சில மீட்டர்தான் வித்தியாசம். மூன்றரை மீட்டருக்கு நூறில் ஒரு வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சின்ன இடைவெளியைக் காது பிரித்துப் பார்க்காது, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கனமாகக் கேட்கும். வாசிப்பவர்களுக்கும் அந்தக் கூரைதான் ஒருவர் வாசிப்பதை மற்றவர் காதில் போட்டது.

எண்கோணம் எதற்கு? கூட்டம் நாலா பக்கமும் நிற்கும், அதனால் வட்டம்தான் வேண்டும். ஆனால் வட்டமான கூரைச்சட்டம் செய்வது கடினம். எட்டு நேர்க்கட்டைகளை இணைத்தால் வட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும், தூண்களும் அதிகமாகிக் கண்ணை மறைக்காது. பழைய பித்தளை பேண்டுகள் போட்டிகளில் சதுரமாக, உள்முகமாகப் பார்த்து நின்று வாசிக்கும் பழக்கம் வைத்திருந்தன, நடுவில் நடத்துநர். ஜனங்களுக்கு முதுகைக் காட்டுகிறோமே என்ற கவலையெல்லாம் கிடையாது. எல்லாப் பக்கமும் முதுகுதான், ஆகையால் முன்வரிசை பின்வரிசை என்ற பேச்சே இல்லை. இந்த மேடையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அரங்கத்தில் விலை கொடுத்து வாங்கும் நல்ல இடம் என்ற ஒன்று இங்கே இல்லை. பிற்காலத்தில் சுற்றிலும் நாற்காலி போட்டு வாடகை வாங்கினார்கள் என்பது உண்மை. ஆனாலும் அதற்கு வெளியே நிற்கிறவர் காதில் விழுவதைத் தடுக்க முடியாதே.

இரும்புக்கு வருகிறேன். ஏறக்குறைய எல்லாமே கேட்லாக் பார்த்து வாங்கியவை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வால்டர் மேக்ஃபர்லேன் 1850இல் தொடங்கிய சாரசென் ஃபவுண்டரி என்ற இரும்பு வார்ப்பாலைதான் இதில் ராஜா. குடிநீர் நீரூற்று, விளக்குக் கம்பம், படிக்கட்டு, பேண்டு மேடை எல்லாவற்றையும் எண் போட்டுப் புத்தகமாக அச்சிட்டு உலகம் முழுக்க அனுப்பினார்கள். ஒரு சிறு நகர சபை இந்த எண் தூண், அந்த எண் கைப்பிடி என்று எழுதி அனுப்பினால், மரத்தில் செதுக்கிய அச்சை மணலில் பதித்து, உருக்கிய இரும்பை ஊற்றி, துண்டுகளுக்கு அடையாளம் போட்டுக் கப்பலிலோ ரயிலிலோ ஏற்றிவிடுவார்கள். திண்ணையை உள்ளூர்க் கொத்தனார் கட்டுவார். அந்த ஃபவுண்டரி 1967இல் மூடியது. பக்கத்து ஊரான கிர்க்கின்டில்லோக்கில் 1880இல் தொடங்கிய லயன் ஃபவுண்டரி இன்னொரு பெரிய பெயர், அது 1984 வரை ஓடியது.

உங்கள் மேடையின் வயதைக் கண்டுபிடிக்க நான் முதலில் போகிற இடம் தூணின் அடிப்பீடம். முழங்கால் போட்டு உட்காருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, நூறு வருடத்துப் பெயின்ட் கோட்டுக்கு மேல் கோட்டாக ஏறி எழுத்தின் பள்ளத்தை நிரப்பியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை மெதுவாக ஓட்டுங்கள். வழுவழுப்பு நடுவே வரிசையாக ஒரு மேடு பள்ளம் தட்டினால் அது பெரும்பாலும் ஃபவுண்டரியின் பெயர். அதன் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சில் முனையைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து எழும்பி வரும். மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போட்டோ எடுத்தாலும் தெரியும். கத்தியால் சுரண்டாதீர்கள். அந்தப் பெயின்ட் அடுக்குகளும் ஆவணம்தான், மேடை முதலில் என்ன நிறத்தில் இருந்தது என்பதை அவற்றின் குறுக்குவெட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பழைய பெயின்டில் ஈயமும் இருக்கும்.

பெயரோடு ஒரு சாய்சதுரக் குறி கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் பதிவு செய்த வடிவமைப்புகளுக்கு அந்தக் குறி போட்டார்கள். உச்சியில் ஒரு சிறு வட்டத்துக்குள் ரோமன் ஒன்று இருந்தால் அது உலோகப் பொருள் என்று அர்த்தம். மூலைகளில் உள்ள எழுத்தும் எண்ணும் நாள், மாதம், வருடத்தைச் சொல்லும், அதற்கு அட்டவணை இருக்கிறது. 1884இலிருந்து சாய்சதுரம் போய் வெறும் பதிவு எண் வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: அந்தத் தேதி வடிவத்தைப் பதிவு செய்த தேதி. அதே அச்சை வைத்து முப்பது வருடம் கழித்தும் வார்த்திருப்பார்கள். மேடை அதற்கு முந்தியது இல்லை என்பது மட்டும்தான் அதிலிருந்து உறுதி.

அப்படியே தூணைத் தட்டிப் பாருங்கள், உள்ளே கூடாக ஒலிக்கும். பல மேடைகளில் கூரைத் தண்ணீர் தூணுக்குள்ளேயே இறங்கி அடியில் வெளியேறும்படி செய்திருப்பார்கள். வெளியில் குழாய் தெரிந்தால் அழகு கெடும் என்று செய்த வேலை. மேடையைக் கொல்வதும் இதுதான். இலை அடைத்துத் தண்ணீர் உள்ளே நின்றால் தூண் உள்ளிருந்து துருப்பிடிக்கும், குளிர் நாடுகளில் உறைந்து தூணையே பிளக்கும். வார்ப்பிரும்பு மேலிருந்து வரும் பாரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், இழுவிசைக்கு மட்டும் தாங்காது. பழுதுபார்க்கும்போது அந்த வடிகாலை சிமென்ட் போட்டு அடைத்துவிடுவது நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறு. மனது பதறும்.

இந்த வடிவம் எங்கெல்லாம் போனது என்பதற்குச் சில உதாரணங்கள் போதும். ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் 1915இல் திறந்த பேண்டு மேடை, டைட்டானிக் கப்பல் மூழ்கும்போது வாசித்துக்கொண்டிருந்த இசைக்கலைஞர்களின் நினைவாகக் கட்டியது. மெக்சிகோவின் குவாதலஹாரா சதுக்கத்தில் நிற்பது பிரான்சின் வால் தோஸ்ன் ஃபவுண்டரியில் வார்த்தது, தூண்களே வாத்தியம் ஏந்திய பெண் உருவங்கள். மெக்சிகோ ஊர்களில் மாலையில் பேண்டு வாசிக்க, மேடையைச் சுற்றி ஆண்கள் ஒரு திசையிலும் பெண்கள் எதிர்த்திசையிலும் நடப்பார்கள். பாதிக் கல்யாணங்கள் அந்தச் சுற்றில்தான் ஆரம்பித்திருக்கும். பெங்களூரு கப்பன் பூங்காவில் எண்கோண மேடை இன்றும் நிற்கிறது. மும்பை பாந்திராவில் கடலோர நடைபாதைக்கே பேண்ட் ஸ்டாண்ட் என்று பெயர். சிம்லா ரிட்ஜில் இருந்த மேடை இப்போது ஒரு உணவகம்.

அமெரிக்காவில் சிற்றூர்கள் இதை எவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொண்டன என்பதற்கு அயோவா மாநிலம் சாட்சி. 1921இல் அங்கே ஒரு சட்டம் வந்தது: ஊர் மக்கள் சம்மதித்தால், பேண்டு நடத்துவதற்கென்றே ஒரு சிறு வரி போட்டுக்கொள்ளலாம். குடிநீருக்கும் சாலைக்கும் வரி போடுவதுபோல இசைக்கும். கார்ல் கிங் என்ற பேண்டு இசையமைப்பாளர் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ஒரு மார்ச் (அணிவகுப்பு இசை) எழுதினார். மேடை கட்டுவது ஒரு நாள் செலவு, வாசிக்க ஆள் வைப்பது வருடா வருடம் செலவு. இந்த இரண்டாவது செலவை ஏற்ற ஊர்களில்தான் மேடை உயிரோடு இருந்தது.

பிறகு ஏன் அமைதியானது? முதல் உலகப் போரில் படைப்பிரிவு பேண்டுக்காரர்கள் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தார்கள், பலர் திரும்பவில்லை. கிராமபோன் வந்தது, 1922இல் பிபிசி வானொலி வந்தது, சினிமா வந்தது. 1920கள், 30களில் ஒரு பக்கம் மட்டும் திறந்த சிப்பி வடிவ மேடைகள் பெருகின, கூட்டம் ஒரே திசையில் உட்கார்ந்தது. இரண்டாம் போரில் இரும்பு வேண்டும் என்று பூங்கா வேலிகளோடு சில மேடைகளையும் வெட்டி எடுத்துப் போனார்கள். அதே போரில் வெளியூர் போகாமல் ஊரிலேயே விடுமுறையைக் கழியுங்கள் என்று அரசு கேட்டுக்கொண்டதால் மிஞ்சிய மேடைகளில் மறுபடி கச்சேரி களைகட்டியது என்பதையும் சொல்ல வேண்டும். சரிவு வேகமானது அதற்கப்புறம். பிரிட்டனின் பழைமையான பூங்காக்களில் இருந்த 438 மேடைகளில் பாதிக்கு மேல் 1979க்கும் 2001க்கும் இடையில் இடிக்கப்பட்டன அல்லது பாழடைந்தன. 1996இலிருந்து லாட்டரி நிதி பூங்காக்களுக்கு வந்தபிறகுதான் பலவற்றைத் தூக்கி நிறுத்தினார்கள்.

இடையில் ஒரு துயரம். 1982 ஜூலை 20 மதியம், லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் மேடையில் ராயல் கிரீன் ஜாக்கெட்ஸ் படைப்பிரிவு பேண்டு வாசித்துக்கொண்டிருந்தபோது, மேடைக்கு அடியில் ஐஆர்ஏ என்ற அயர்லாந்து ஆயுதக் குழு வைத்த குண்டு வெடித்தது. 7 இசைக்கலைஞர்கள் இறந்தார்கள். சாதாரணமாக நாற்காலிகளும் ஸ்வரத்தாள் தாங்கிகளும் அடுக்கி வைக்கிற இடம் அந்த அடிப்பகுதி. அங்கே இன்று ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

சிறு பூங்காவின் மேடை என்ன ஆக முடியும் என்பதற்கு லண்டன் புறநகரான பெக்கன்ஹாம் நல்ல உதாரணம். கிராய்டன் ரோடு மைதானத்தில் 1905இல் மெக்கலம் அண்ட் ஹோப் என்ற கிளாஸ்கோ ஃபவுண்டரி வார்த்த சாதாரண மேடை. 1969 ஆகஸ்ட் 16 அன்று அந்த வட்டாரத்து இளைஞர்கள் நடத்திய இலவச விழாவில் பாடகர் டேவிட் போவி அதில் ஏறிப் பாடினார், அந்த நாளைப் பற்றியே பிறகு ஒரு பாட்டும் எழுதினார். 2019இல் அந்த மேடை பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஒரு நாளைக்கு முன்னால் அறுபது வருடம் அதில் வாசித்துவிட்டுப் போன பேர் தெரியாதவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு சேர்ந்து கிடைத்ததாகவே நான் நினைக்கிறேன்.

உங்கள் ஊர் மேடைக்கு வருகிறேன். நகர சபையின் பூங்காக் குழுக் கூட்டக் குறிப்புகளில் தொடங்குங்கள். டெண்டர், பெயின்ட் செலவு, விளக்கு, பேண்டுக்குக் கொடுத்த பணம் எல்லாம் அங்கே இருக்கும். பிரிட்டிஷ் ஆட்சி இருந்த ஊர் என்றால் விக்டோரியா ராணியின் 1887, 1897 ஆகிய ஜூபிலி வருடங்களையும் 1902, 1911 முடிசூட்டு வருடங்களையும் முதலில் புரட்டுங்கள், ஏராளமான மேடைகள் அந்தக் கொண்டாட்டங்களை ஒட்டிச் சந்தாவில் எழுந்தவை. பெரிய அளவு நில வரைபடங்களில் பேண்ட் ஸ்டாண்ட் என்று எழுத்தாலேயே குறித்திருப்பார்கள். ஒரு பதிப்பில் இல்லாமல் அடுத்ததில் இருந்தால் இடைப்பட்ட வருடங்கள் கையில் கிடைத்துவிடும். பழைய பட அஞ்சலட்டைகளையும் பாருங்கள். படத்தில் நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கண்ணாடித் தடுப்பு இருக்கிறதா, உச்சியில் காற்றுக்காட்டி இருக்கிறதா என்று கவனித்து, பின்பக்க அஞ்சல் முத்திரைத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் சனிக்கிழமை இதழ்களில் அந்த வாரத்து நிகழ்ச்சி நிரல் வந்திருக்கலாம், என்னென்ன மெட்டு வாசித்தார்கள் என்பதுவரை.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள். கார்னெட்டோ யூஃபோனியமோ வாசிக்கத் தெரிந்த ஒருவரை ஒரு மாலை அந்த மேடையில் நிற்கவைத்து, ஒரே மெட்டை முதலில் மேடைக்குப் பக்கத்துப் புல்லில் நின்றும் பிறகு கூரைக்கு அடியில் நின்றும் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பூங்கா வாசலில் நின்று கேளுங்கள். கூரைப்பலகை இன்னும் நல்ல நிலையில் இருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.